திரும்பிப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமைகள்

மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போன என் ராஜா அண்ணனுக்கு,

போன வெள்ளிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் ஓர் ஆள் என்னைப் பார்த்துக் குரைத்தார். நானும் பதிலுக்குக் குரைத்துவிட்டேன். கையில் இறால் பை, காலில் ஈரச் செருப்பு, தலையில் பாதி முடி இல்லை. இறாலை நிறுத்துக்கொண்டிருந்த சீனக் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் கைப்பேசியைத் தூக்கினாள். இப்போது எந்த நாட்டில், யார் வீட்டில் நான் குரைத்துக்கொண்டிருக்கிறேனோ தெரியவில்லை.

அந்த ஆள் நம் நாடகத்தைப் பார்த்தவராம். "நாயண்ணே! நீங்கதானே? அந்த வால இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்தோம். பிறகு, "ராஜா எப்படி இருக்காரு?" என்றார்.

"போயிட்டாரு லா. போன வருஷம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப அவரு மகன்? முன்னால உக்காந்து கை தட்டுவாரே. அவர இப்ப யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டார்.

"நம்மகிட்டதான் இருக்கான்" என்றேன்.

"நல்ல மனசுண்ணே உங்களுக்கு" என்று தோளைத் தட்டி, பிடிவாதமாக ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். நானும் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குரைத்ததில் எனக்கு வெட்கமில்லை, அண்ணே. அந்த டீயைக் குடித்ததுதான் மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதை வேறு சிலரும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் கதை சொல்லிவிட்டு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பொறுமை உண்டு, எனக்குத்தான் கிடையாது.

தீமிதிக்கு முந்தைய மாதங்களில் கோவிலில் பாரதம் சொல்வார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில் நம் குழுவும் கூடாரம் போட்டு ஒரு நாடகம் போடும். கப்பல் பட்டறை ஆட்கள், டிரைவர்கள், ஒரு முடி திருத்துபவர். சூதாட்டம், சண்டை எல்லாவற்றையும் மற்ற குழுக்கள் எடுத்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் கடைசிப் பகுதிதான் வேண்டும் என்பீர்கள். "சண்ட முடிஞ்சப்புறம் என்னா ஆச்சுன்னு யாருமே கேக்க மாட்டேங்கிறாங்கடா" என்று குறைப்பட்டுக்கொள்வீர்கள்.

சண்டை முடிந்தது. ஜெயித்தாயிற்று. ஆனால் யாருக்காக ஜெயித்தார்களோ அவர்களில் பாதிப் பேர் இல்லை. ஐந்து அண்ணன் தம்பிகளில் மூத்தவர் ராஜாவாக உட்கார்ந்து, கடமையே என்று நாட்டைப் பார்த்து, கிழவராகிறார். பிறகு ஒருநாள் மகுடத்தைக் கழற்றிவிட்டு, தம்பிகளோடும் மனைவியோடும் மரவுரி கட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நடக்கிறார். பின்னால் ஒரு நாய் வருகிறது. வழியில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். முதலில் அந்த அம்மா, பிறகு கடைசித் தம்பியிலிருந்து வரிசையாக. மூத்தவர் யாருக்காகவும் நிற்பதில்லை, திரும்பியும் பார்ப்பதில்லை. மிஞ்சுவது அவரும் நாயும்.

ராஜா நீங்கள். நாய் நான். செகண்டரி டூவோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எனக்கு வசனம் தலையில் ஏறாது. "வசனமே இல்லாத வேஷம் இது ஒண்ணுதான், நீயே எடுத்துக்க" என்றீர்கள். மரவுரிக்குச் சாக்குப் பை. வாலுக்குக் கம்பி, நான் லாரி ஓட்டும் ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடையிலிருந்து. முதல் வருடம் அந்த வால் பாதி மலையிலேயே கழன்று விழுந்தது. நான் அதை வாயில் கவ்விக்கொண்டு மீதி மலையை ஏறினேன். சொந்த வாலைக் கவ்விக்கொண்டு சொர்க்கத்துக்குப் போன முதல் நாய் நானாகத்தான் இருப்பேன்.

சொர்க்க வாசலில் நாய்க்கு அனுமதி இல்லை என்பார்கள். அப்போது நீங்கள் என் தலையில் கை வைத்து, "இவன் வராத இடத்தில் எனக்கு இடம் வேண்டாம்" என்பீர்கள். கை என் தலையில் இருக்கும். கண் மட்டும் முன் வரிசையில் இருக்கும் உங்கள் மகன் முரளியைப் பார்க்கும். எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது அவன் ஒருவன்தான் கை தட்டுவான்.

முரளியை நாயோடு சேர்க்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாய் நான்தான், அதற்குச் சாட்சிகள் தேக்காவரை இருக்கிறார்கள்.

முரளிக்கு நாற்பது நெருங்குகிறது. பிறந்ததிலிருந்து மூளை வளர்ச்சி குறைவு, அடிக்கடி வலிப்பும் வரும். அவனிடம் இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். அப்பா, சித்தப்பா, லாரி, சாரி, போலாம். அண்ணி போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, முகம் மழித்து எல்லாம் நீங்கள்தான். செம்பவாங் கப்பல் பட்டறை வேலையை அதற்காகவே விட்டீர்கள். பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்லி எத்தனை பேர் சொன்னார்கள்! "அவன் இல்லாத வீட்டுல எனக்கு என்னா வேல?" என்பீர்கள். ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே குரலில்.

உங்கள் அடுக்குமாடி புளோக் கீழே காப்பிக் கடையில் ஒருநாள், அவனுக்குப் பரோட்டா பிய்த்துப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "இவன் எனக்கு முன்னாடி போயிடணும்டா. ஒரு நாள் முன்னாடி போனாக்கூடப் போதும்."

"என்னண்ணே பேச்சு இது?" என்று அதட்டினேன்.

நீங்கள் அடுத்த துண்டைக் கறியில் தொட்டு அவன் வாயில் வைத்தீர்கள்.

அந்தக் கடைசிப் பகுதி உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போதுதான் புரிகிறது. ஒவ்வொருவராக விழுவதை நாங்கள் எல்லாம் சோகம் என்று நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டு நடித்தோம். உங்களுக்கு அது வரம். மூத்தவர் கடைசியில் போகிறார். தனக்குப் பின்னால் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு ஆள் இல்லை, அண்ணே. அதனால்தான் அவரால் அப்படி நடக்க முடிந்தது.

உங்களுக்கு அந்த வரிசை கிடைக்கவில்லை. ஈரல் கெட்டுப்போய், நீங்கள் முதலில் விழுந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் முரளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கேட்பீர்கள் என்று தினமும் காத்திருந்தேன். கேட்கவில்லை. "அவனுக்குக் காப்பி ஆறிப்போனாத்தான் பிடிக்கும்" என்றீர்கள். "மொகம் மழிக்கிறப்ப பாட்டுப் போடு, ஆடாம இருப்பான்" என்றீர்கள். கேட்டால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்காமலே போனீர்களா? வாழ்நாளெல்லாம் விட்டுக்கொடுத்தவர், கடைசியில் அதையும் விட்டுக்கொடுத்துவிட்டீர்களா?

உங்கள் காரியம் நடந்த கதையைச் சொல்கிறேன். நீங்கள்தான் பார்க்கவில்லையே.

புளோக் கீழ்த்தளத்தில் பெட்டி. குடம் யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. அண்ணியின் அண்ணன், முரளியின் பெரிய மாமா, "நீயே எடுத்துடு. அவனுக்கு என்னா தெரியும்?" என்றார். மகன் இருக்கும்போது தம்பி எடுப்பதா என்று எனக்குப் பிடிவாதம். முரளி தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தோம். அழகாக நடந்தான், அண்ணே. நடிப்புக்கு வந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கொடத்தப் பின்னால போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார் சடங்கு செய்பவர். நான் அவன் கையை விடுவித்தேன். குடம் விழுந்து உடைந்தது.

முரளி திரும்பிவிட்டான்.

"திரும்பாத! திரும்பாத!" என்று நாலு பக்கமும் சத்தம். அவன் உடைந்த ஓடுகளைப் பார்த்தான். தான்தான் கை தவறி உடைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. ஈரத்தில் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான். பெட்டியைப் பார்த்து, "சாரிப்பா" என்றான். "சாரிப்பா, சாரிப்பா."

"நான் சொன்னேன்ல லா, அவன எடுக்க வெக்காதன்னு" என்றார் மாமா. அவருக்கும் குரல் உடைந்துதான் இருந்தது.

மண்டாய் தகனக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று உங்கள் பெட்டி உள்ளே போவதை எல்லாரும் பார்த்தோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னவர்களும் பார்த்தார்கள். முரளி கண்ணாடியைத் தட்டி, "அப்பா, போலாம்" என்றான். வீட்டுக்குப் போகலாம் என்று.

அவனை புக்கிட் மேராவுக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். அதை நம்புங்கள். ஹாலில் மெத்தை போட்டோம். என் மகள் கவிதா அவனுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்தாள், நான் மழித்தேன். சனிக்கிழமைகளில் லாரியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு "போலாம்" என்பான். முதலாளிகூட ஒன்றும் சொல்லவில்லை. நாம் சமாளித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது.

ஆனால் பகல் முழுவதும் அவனைப் பார்த்தது நானா? நான் லாரியில் சுற்றிக்கொண்டிருந்தேன். பார்த்தது என் மனைவி செல்வி. ஒருநாள் குளியலறையில் அவனுக்கு வலிப்பு வந்து, பிடிக்கப்போன அவள் மேலேயே விழுந்துவிட்டான். அவள் மணிக்கட்டு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். கட்டோடு அவனுக்குச் சோறு பிசைந்தாள். மறுபடியும் விழுந்தான். இம்முறை அவளுக்கு இடுப்பு.

"நான் மாட்டேன்னு சொல்லலைங்க" என்றாள் என்னிடம். "என் கை மாட்டேங்குது."

கவிதா என்னைப் பார்க்காமலே, "அப்பா, ப்ளீஸ், அம்மாவயும் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

நீங்கள் வேலையை விட்டீர்கள். நான் விடவில்லை. காரணங்கள் இருந்தன, எல்லாம் நல்ல காரணங்கள். நல்ல காரணங்கள் மட்டும் என்றைக்கும் என்னைக் கைவிட்டதில்லை. இப்போது முரளி இல்லத்தில் இருக்கிறான்.

சுத்தமான இடம். சாப்பாடும் சூடாக இருக்கிறது. ஊழியர்கள் அவனிடம் அன்பாகப் பேசுகிறார்கள். முதல் மாதம் நான் குறை கண்டுபிடிக்க என்னாலானவரை பார்த்தேன், மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். மழிக்கிறேன், பாட்டுப் போடுகிறேன், காப்பியை ஆறவைத்துக் கொடுக்கிறேன். நான் எழுந்தவுடன் அவனும் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வான், பெரும்பாலும் கால் மாற்றி. "சித்தப்பா, போலாம்" என்பான்.

"லாரி கெட்டுப்போச்சுடா. ரிப்பேர்ல இருக்கு" என்பேன்.

எத்தனை மாதமாக அந்த லாரி ரிப்பேரில் இருக்கிறது, பாருங்கள். உலகத்தில் எந்த மெக்கானிக்கும் என்னிடம் இவ்வளவு நாள் தப்பித்ததில்லை.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் பெண் அங்கே இருக்கிறாள். தொடக்கத்திலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அங்கிள், போறப்ப திரும்பிப் பாக்காதீங்க. நீங்க பாத்துட்டா அவரு கேட் பக்கத்துலயே நின்னுர்றாரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாரு."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். நானும் அப்படியே செய்கிறேன். நீளமான நடைபாதை, பிறகு கேட், பிறகு பஸ் நிறுத்தம். பின்னால் அவன் செருப்புச் சத்தம் கேட்கும். நான் கழுத்தைத் திருப்பாமல் நடப்பேன். அத்தனை வருடம் நாயாக வந்தவனுக்கு இப்போது ராஜா வேஷம், அண்ணே. ஒன்று சொல்லட்டுமா? நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடிக்கிறேன்.

நாய் வடிவத்தில் வந்தது அறக்கடவுளே என்று கதையில் வரும். அந்த நினைப்பில் நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். அறமும் இல்லை, ஒன்றும் இல்லை. நிஜ நாயாக இருந்திருந்தால்கூட அவனோடு அங்கேயே படுத்திருக்கும்.

நீங்கள் இல்லாததால் இந்த வருடம் நாடகம் இல்லை. கோவிலில் பாரதம் சொல்லி முடித்த அன்று அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்கப் போனேன். மேடையில் கதை சொன்னவர் சொர்க்க வாசலோடு நிறுத்தவில்லை. நம் நாடகம் எப்போதும் அங்கே முடிந்துவிடும், நமக்குக் கொடுத்த நேரமும் முடிந்துவிடும். "மீதிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வீர்களே, அந்த மீதியை நான் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

மேலே போன ராஜா தம்பிகளைத் தேடுகிறார். காணோம். அவர்கள் இருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போங்கள் என்கிறார். ஒரு தூதன் அவரை இருட்டான, நாற்றமடிக்கும் வழியில் அழைத்துப்போகிறான். நாற்றம் தாங்காமல் ராஜா திரும்பிப் போகப் பார்க்கிறார். அப்போது இருட்டுக்குள்ளிருந்து குரல்கள். கொஞ்ச நேரம் நில்லுங்கள், நீங்கள் நின்றால் எங்களுக்கு இதமாக இருக்கிறது என்று. யார் நீங்கள் என்று கேட்கிறார். ஒவ்வொரு குரலும் பெயரைச் சொல்கிறது. எல்லாம் அவர் தம்பிகள், அந்த அம்மா.

ராஜா நின்றுவிடுகிறார். தூதனிடம், நீ போ, நான் வரவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்கிறார்.

மலையில் யாருக்காகவும் திரும்பாத மனிதர்தான், அண்ணே. நரகத்தில் திரும்பினார். நல்லவேளை, என் கையில் வெங்காயம் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "கண்ணக் கழுவிட்டு வாங்கண்ணே, இந்த வெங்காயம் ரொம்பக் காரம்" என்றார்.

அப்புறம் அந்த நரகமே மாயை, ஒரு சோதனை என்று காட்டி எல்லாரையும் மேலே சேர்த்துவிடுகிறார்களாம். அந்த இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நடைபாதையில் யார் வந்து எனக்கு அதெல்லாம் மாயை என்று சொல்லப் போகிறார்கள்? இந்த மீதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன் ஒரு வருடம்கூட அதைப் போடவில்லை? அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு மேடையில் நிற்க உங்களால் முடியாது என்றா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முரளி என் உள்ளங்கையைப் பிரித்து எதையோ வைத்து மூடினான். பிளாஸ்டர். விரலில் வெட்டுப்பட்டால் ஒட்டுவோமே, அது. நர்ஸிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். அவளுக்கும் எதற்கென்று தெரியவில்லையாம்.

"லாரி" என்றான். என் கையைத் தட்டிக்கொடுத்து மறுபடியும், "லாரி" என்றான்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். நானும் வழக்கம்போல நடந்தேன். நடைபாதை, கேட், பஸ் நிறுத்தம். பின்னால் செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் வந்து நின்றது.

இன்று காலை அந்தப் பிளாஸ்டரை லாரியின் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினேன். சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது.

அண்ணே, அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். செல்வியின் கையை நீங்கள் பார்க்கவில்லை. தேக்காவில் சொன்ன பொய் ஒன்று போதும், உங்களிடமும் அதைச் சொல்ல வேண்டாம். ஆனால் இதைச் சொல்கிறேன். வரும் ஞாயிறு முதல் நான் திரும்பிப் பார்ப்பேன். அவன் கேட்டில் நின்றால் நானும் திரும்பப் போய் அவனோடு நிற்பேன், அவன் சாப்பிட உட்காரும்வரை. நர்ஸ் பெண் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். லாரி ரிப்பேர் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். நான் விழும்வரைக்கும், இல்லை அவன் விழும்வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை தவறாது. எங்கள் இருவரில் நான் கடைசியாக இருக்க வேண்டும் என்று இப்போது நானும் வேண்டிக்கொள்கிறேன். உங்களை அன்றைக்கு அதட்டியதற்கு இதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

அவன் கேட்பது ஒரே சொல். அதற்குப் பதிலும் அதே சொல்தான். நேற்று அந்த நடைபாதையில், முதுகுக்குப் பின்னால் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அது என் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

போலாம்டா, முரளி. வா, போலாம்.

வாலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும்,
உங்கள் தம்பி, முரளியின் சித்தப்பா.